அளவு நோட்டு

துணி வைத்து ஓடும் தையல் மிஷினுக்கும் துணி இல்லாமல் ஓடும் மிஷினுக்கும் சத்தத்தில் வித்தியாசம் உண்டு. துணி இருந்தால் வாயில் எதையோ கடித்துக்கொண்டு பேசுகிற மாதிரி அடங்கி ஒலிக்கும். இல்லாவிட்டால் குளிரில் பல் தந்தியடிக்கிற மாதிரி வெறும் கடகடப்பு. என் கண்ணாடிக் கடைக்கும் தையல்காரக்காவின் கடைக்கும் நடுவில் ஒரே ஒரு பிளைவுட் பலகைதான். ஆறு வருஷமாக அந்தப் பலகைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடிகளின் ஓரத்தைச் சக்கரத்தில் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால் எனக்கு இது தெரியும்.

முதலில் மிஷினுக்கு எண்ணெய் விடுகிறார் என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு கேட்டேன்.

“அக்கா, மிஷின்ல ஏதும் கோளாறா?”

“ஏன்?”

“நடுநடுவுல சும்மா ஓடுதே.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “கண்ணாடிக்கடைக்காரனுக்குக் காது எதுக்குப்பா இவ்வளவு கூர்மை? திரைக்குப் பின்னால அளவு குடுக்க நிக்கிறவங்க ஏதாச்சும் மனசு விட்டுச் சொல்வாங்க. அது உனக்கு எதுக்கு? அதான் நூலை உருவிட்டு, காலை நீட்டி மிதிச்சு விட்டுடுறேன்.”

எனக்கு முகம் சூடாகிவிட்டது. அவரே சமாதானமும் சொன்னார்: “நீ நல்ல பையன்தான். பலகைதான் நல்லதில்ல.”

ஆனால் அவர் தனியாகத் துணி வெட்டும்போது மிஷின் ஓடாது. அப்போது கேட்கும் குரல் மட்டும் எல்லாருக்கும் பொது. துணியோடு பேசுவார். “தோள்ல இருந்து ஒரு சாண் இறங்கு. நில்லு. எங்க ஓடுற? அக்குளுக்கு நாலு விரக்கடை. அங்க வளை.” அளவு எடுப்பது டேப்பில், எழுதுவது அங்குலத்தில், வெட்டுவது மட்டும் சாணிலும் விரற்கடையிலும். என் மேஜையில் கிடந்த கவிதைப் புத்தகத்தை ஒருதரம் எடுத்துப் புரட்டியவர், “வரியெல்லாம் பாதியில நிக்குதே, துணி பத்தலையா?” என்று கேட்டார். 

அந்த விரல் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதை, ஒருநாள் கரண்ட் போனபோது, இரண்டு கடைக்கும் நடுவில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு சொன்னார்.

பதினெட்டு வயதில் ஒரு பெரிய தையல் ஆலையில் சேர்ந்தார். ஒன்பது வருஷம் அங்கே அவர் தைத்தது சட்டையின் இடது கையை மட்டும். வலது கைக்கு வேறொருத்தி. “முழுச் சட்டையை நான் கண்ணால பார்த்ததே கடையிலதான். என் கை மட்டும் தெரியும், மிச்சமெல்லாம் அந்நியம்.” தையலுக்கு ஒரு விரற்கடை கூடுதலாக விட்டு மடிப்பது அந்த வரிசையின் பழக்கம். அது அவருக்கு உடம்போடு ஊறிவிட்டது. இன்றைக்கும் எந்தச் சட்டை வெட்டினாலும் இடது கைக்கு ஒரு விரற்கடை அதிகமாகவே விடுவார். பிறகு திட்டிக்கொண்டே கத்தரிப்பார்.

ஆலைக்கு உடம்பு மூன்றுதான்: சின்னது, நடுத்தரம், பெரிசு. அந்த மூன்றிலும் அடங்காத தோழிகளுக்கு அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் தைத்துக் கொடுத்தார். அளவுகளை ஒரு சின்ன நோட்டில் எழுதினார். அதில் பெயர் கிடையாது, மிஷின் எண்கூடக் கிடையாது. ஒருநாள் மாலை வாசலில் பையைச் சோதித்த சூப்பர்வைசர் அந்த நோட்டையும் டேப்பையும் எடுத்துக்கொண்டான். மறுநாள் சாப்பாட்டு ஹாலில் மேஜைமேல் ஏறி நின்று படித்தான். “இடுப்பு நாற்பத்தெட்டு!” அவ்வளவுதான் படித்தான். இருநூறு தலை ஒரே பக்கம் திரும்பியது.

“பேரு சொல்லவே இல்ல. ஒரு நம்பர்தான் சொன்னான். அவ சோத்து டப்பாவை மூடிட்டு எழுந்து போனா. மறுநாள் வரல. அப்புறம் எப்பவுமே வரல.” அக்கா தன் விரல்களை விரித்துக் காட்டினார். “டேப்பும் போச்சா, ரெண்டு வருஷம் விரலாலயேதான் அளந்தேன். அப்படி வந்ததுதான் இது.”

இப்போதைய அளவு நோட்டு நீளமானது, கெட்டி அட்டை போட்டுத் தைத்துக் கட்டியது. சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர் வளையம் ஒன்று அதன் இடுப்பில் இருக்கும். இருப்பிடம், மிஷின் பலகைக்குக் கீழே உள்ள இழுப்பறை. சாவி அவர் கழுத்துச் சங்கிலியில். நோட்டில் பெயருக்குப் பதிலாக மழைக்கோட்டு, ரெட்டைப் பின்னல், சத்தமாச் சிரிக்கிறவங்க என்றெல்லாம்தான் தலைப்பு இருக்குமாம். நான் பார்த்ததில்லை.

இனிச் சொல்லப்போவதை, சம்பந்தப்பட்டவரே என்னிடம் சொல்லி, எழுதவும் அனுமதி கொடுத்தார். ஒரே நிபந்தனை, அவர் பார்க்கும் வேலையை மாற்றிவிட வேண்டும். ஆகவே இவர் பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டம்மா.

டிக்கெட்டம்மாவுக்கு அறுவை சிகிச்சையில் இடது மார்பை எடுத்துவிட்டார்கள். வேலைக்குத் திரும்பும்போது எந்தச் சட்டையும் உட்காரவில்லை. அவர் கணவருக்கும் டாக்டருக்கும் அடுத்தபடி மூன்றாவதாகத் தெரிந்த ஆள் தையல்காரக்கா. அன்றைக்கு மிஷின் ஒன்றேகால் மணி நேரம் துணியில்லாமல் ஓடியது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

நான்கு தடவை வெட்டி, மூன்று தடவை பிரித்து, அக்கா ஒரு சட்டை தைத்தார். எடுத்த பக்கம் உள்ளே ஒரு மடிப்பு, அந்த மடிப்புக்குள் ஒரு பை. அக்காவின் பழைய ஆலைப் பிழை அங்கே அதிர்ஷ்டமாக வேலை செய்தது. இடது கையில் கூடுதலாக விட்ட அந்த ஒரு விரற்கடையைக் கத்தரிக்கப் போனபோது டிக்கெட்டம்மா தடுத்தார். “இருக்கட்டும்க்கா, சாயங்காலமானா இந்தக் கை வீங்குது.” வெட்டும் படத்தை அக்கா நோட்டிலேயே வரைந்து, தேதி போட்டு வைத்தார். அதைப் பார்த்து வரைந்த காகிதம் ஒன்று மருத்துவமனைக்குப் போனது. அங்கிருந்து கை மாறி, ஊர் மாறி எங்கெல்லாமோ போனது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு, கல்லூரியில் படிக்கும் அக்காவின் மகள் இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கி அந்தப் படத்தை எல்லாரும் எடுத்துக்கொள்ளும்படி போட்டாள். சட்டை சம்பந்தமாக அழுதும் சிரித்தும் எழுதியவர்கள் முந்நூற்றுக்குமேல்.

பதினோராவது வாரம் பக்கம் காணாமல் போனது. அந்த இடத்தில், திருட்டுப் பதிப்பு என்ற புகாரின்பேரில் நீக்கப்பட்டது என்று ஒரு வரி மட்டும் இருந்தது. புகார் கொடுத்தது ஆயத்த உடைகளும் வெட்டும் படங்களும் விற்கிற ஒரு பெரிய கம்பெனி. அவர்கள் அதே படத்தை மகள் போட்டதற்கு ஏழு மாதம் முன்பே விற்கத் தொடங்கியிருந்தார்கள்.

மகள் அந்தக் கம்பெனியின் படத்தை எடுத்துக் காட்டினாள். அக்கா ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“என்னம்மா சிரிக்கிற? நம்மளைத் திருடின்னு சொல்றாங்க!”

“இடது கையைப் பாரு. ஒரு விரக்கடை கூடுதலா இருக்கா? எந்தப் பக்கம் ஆபரேஷனோ அந்தப் பக்கம்தான் கூட விடணும். இவங்க எல்லாருக்கும் இடது பக்கமே விட்டிருக்காங்க. என் தப்பையும் சேர்த்து எடுத்துட்டுப் போயிருக்காங்க பாவம்.”

கம்பெனி வழக்குப் போட்டது. படத்தை வெளியிட இடைக்காலத் தடை வாங்கியது. அதோடு இன்னொரு மனு: இந்தப் படத்தை வைத்து அக்கா எத்தனை உடுப்பு தைத்தார் என்று தெரிய வேண்டும், ஆகவே அளவு நோட்டை நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும்.

அக்காவுக்காக ஆஜரானவர் இருமல் வக்கீல். வருஷத்துக்கு இரண்டு கண்ணாடி தொலைத்துவிட்டு என் கடைக்கு வருகிறவர். வாக்கியத்தின் முக்கியமான இடத்தில் இருமுவார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“நோட்டுல தேதி இருக்கா? அவங்க விக்கிறதுக்கு முன்னாடித் தேதி?”

“ஒன்றரை வருஷம் முன்னாடி.”

“அப்புறம் என்னம்மா! அவங்க கேக்கறதே நமக்கு… (இருமல்)… வசதி. நோட்டைத் தூக்கி மேஜைமேல போடுங்க. ஒரே வாய்தாவுல கேஸ் முடிஞ்சிரும். திருடினது அவங்கன்னு ஆயிரும்.”

“நோட்டைக் குடுக்க முடியாது சார்.”

“அந்த ஒரு பக்கத்தை மட்டும்?”

“தாளை உருவினா நம்புவாங்களா?”

வக்கீல் யோசித்தார். “மாட்டாங்க. நேத்து எழுதிச் சொருகினதுன்னு சொல்வாங்க. முன்னும் பின்னும் தேதி வரிசையா இருந்தாத்தான் செல்லும். முழு நோட்டும் வேணும்.”

“அப்போ முடியாது.”

“அதைக் குடுக்கலைன்னா தோத்துருவீங்கம்மா.”

“சரி சார். தோக்காம இருக்க வேற வழி ஏதாச்சும் இருக்கான்னு பாருங்க. இது வழி இல்ல.”

பலகைக்கு அந்தப் பக்கம் இருமல் நிற்கவே வெகுநேரம் ஆனது.

வீட்டிலும் இதே கதைதான். அக்காவின் கணவர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர், நல்ல மனுஷர். மதியச் சாப்பாட்டுக்குக் கடைக்கே வந்துவிடுவார்.

“பேரே இல்லாத நோட்டு. குடுத்துத் தொலைச்சுட்டு வேலையைப் பார்ப்பியா. லிஃப்டுல யார் எந்த மாடிக்குப் போறாங்கன்னு நானா கேட்டுக்கிட்டு இருக்கேன்?”

“கேக்க மாட்டீங்க. யாராச்சும் உங்ககிட்ட கேட்டா?”

“யார் கேப்பாங்க? அந்த எட்டாவது மாடிக்காரரைப் பத்தியா?” என்றவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

“பாருங்க, அதுக்குள்ள ஒருத்தர் வெளிய வந்துட்டாரு.”

அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இழுப்பறைக்கு இரண்டாவதாக ஒரு பூட்டுப் போட்டுக் கொடுத்தார்.

செய்தி பரவப் பரவ, வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். மிஷின் சும்மாவே ஓடிக்கொண்டிருந்தது. டிக்கெட்டம்மா வந்த அன்றைக்கு, திரைக்குப் பின்னால் போகக்கூடப் பொறுமை இல்லாமல் வாசலிலேயே பேசினார்.

“அக்கா, என் பக்கத்தைக் கிழிச்சுப் போட்டுரு. கையெடுத்துக் கும்பிடறேன். கவுண்டர்ல நாள் முழுக்க ஆளுங்க என்னைப் பார்த்துக்கிட்டே நிப்பாங்க. தெரிஞ்சா எங்க பார்ப்பாங்கன்னு எனக்குத் தெரியும்.”

“கிழிக்க மாட்டேம்மா.”

“ஏன்?”

“கோர்ட்டு கேட்ட நோட்டைக் கிழிச்சா நான் பொய்க்காரி ஆயிடுவேன். அப்புறம் நான் சொல்ற எதுவும் நிக்காது. கிழிக்கவும் மாட்டேன், குடுக்கவும் மாட்டேன். நீ போய்ச் சாப்பிட்டுத் தூங்கு.”

“உன்னை ஜெயில்ல போட்டா?”

“அங்கயும் தையல் மிஷின் இருக்குமாம்.”

டிக்கெட்டம்மா சிரிக்கவில்லை. நான்கு நாள் கழித்து மறுபடி வந்தார். முகம் தெளிவாக இருந்தது. “யோசிச்சுப் பார்த்தேன்க்கா. எனக்காக நீ தோக்க வேண்டாம். என் பக்கத்தைக் காட்டு. பரவால்ல.”

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “உன் தாளுக்குப் பின்பக்கம் இன்னொருத்தி இருக்கா. அவளுக்கும் நீயா பதில் சொல்வே?”

*

வாய்தா அன்று நான் கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். ஏன் போனேன் என்று யாரும் கேட்கவில்லை. பின்வரிசையில் தூண் ஓரமாக இடம் கிடைத்தது.

கம்பெனியின் வக்கீல் உயரமானவர். அவர் பேசுவதற்கு முன்பே அவர் கோட்டு பேசியது. அவ்வளவு கச்சிதம்.

“இந்த நோட்டில் ஒரு பெயர்கூட இல்லை என்று எதிர்த்தரப்பே ஒப்புக்கொள்கிறது,” என்றார். “பெயர் இல்லாத இடத்தில் அந்தரங்கம் எங்கிருந்து வரும்? இவை வெறும் எண்கள்.”

இருமல் வக்கீல் எழுந்து சட்டம் பேசினார். நன்றாகவே பேசினார், இருமலுக்கு நடுவில். நீதிபதியம்மா குறிப்பெடுத்தார். பிறகு அக்காவை முன்னால் அழைத்தார்.

“நோட்டைக் கொண்டு வந்திருக்கீங்களா?”

“கொண்டு வந்திருக்கேம்மா.” அக்கா ஒரு துணிப்பையை உயர்த்திக் காட்டினார். நாலு பக்கமும் தைத்து மூடிய பை. நெருக்கமான தையல், இரட்டை ஓட்டம்.

“குடுங்க.”

“குடுக்க மாட்டேம்மா.”



“பின்னே எதுக்குக் கொண்டு வந்தீங்க?”

“இருக்குன்னு காட்டத்தான். எரிச்சுட்டேன், தொலைச்சுட்டேன்னு பொய் சொல்ல வரலைன்னு காட்டத்தான்.”

“உத்தரவு போட்ட பிறகும் குடுக்கலைன்னா என்ன ஆகும்னு தெரியுமா?”

“வக்கீல் சார் சொன்னாரு. உள்ள வைக்கலாம்னாரு. மாத்துத் துணி எடுத்துட்டு வந்திருக்கேன்.” மகள் மடியில் இருந்த இன்னொரு பையைக் காட்டினார். யாரோ இருமுவது போலச் சிரித்தார்கள். இருமல் வக்கீல் மட்டும் இருமவே இல்லை.

“நீங்க சொல்ற தேதி இந்த நோட்டுலதானே இருக்கு? திறந்தா உங்களுக்குத்தானே நல்லது?”

“ஆமாம்மா. எனக்கு நல்லது.” துணிப்பையைக் கீழே இறக்கினார். “அம்மா, ஒண்ணு கேக்கலாமா? பேர் இல்லைன்னா தப்பில்லைன்னு சார் சொன்னாரு. பேர் சொல்லாம ஒருத்தரோட அளவை இங்க சொல்லட்டுமா?”

நீதிபதி தலையை மட்டும் அசைத்தார்.

“இந்த ரூமுல இருக்கிற ஒருத்தர். இடது தோள், வலது தோளைவிட முக்கால் அங்குலம் இறக்கம். உடுப்புக்கு உள்ள இடது பக்கம் மட்டும் ரெண்டு அடுக்குப் பஞ்சு. இடுப்பு முப்பத்தாறா இருந்தது, இப்போ நாற்பது. பக்கத் தையலை ரெண்டு தடவை பிரிச்சு விட்டிருக்காங்க, பழைய ஊசித் தடம் இன்னும் தெரியுது. நிக்கிறப்போ உடம்பு பாரம் முழுக்க வலது…”

அவர் யாரையும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தே சொன்னார். ஆனால் அறை திரும்பிவிட்டது. எல்லாத் தலையும் ஒரே பக்கம். கம்பெனி வக்கீலின் கை தானாகவே இடது தோளுக்குப் போய்விட்டிருந்தது.

“இதை நான் ஆட்சேபிக்கிறேன்!” என்றார். “இது தனிப்பட்ட விஷயம். இது பதிவாகக் கூடாது.”

நீதிபதியம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

“யாரோட தனிப்பட்ட விஷயம், வக்கீல் சார்? அவங்க பேர் எதுவும் சொல்லலையே.”

கம்பெனி வக்கீல் கோட்டைச் சரிசெய்துகொண்டார். காது மடல் சிவந்திருந்தது. அக்கா அவர் பக்கம் திரும்பி, “மன்னிச்சுக்குங்க சார். தைச்சவரு ரொம்ப நல்லாத் தைச்சிருக்காரு. சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது,” என்றார். குரலில் கேலி இல்லை.

உத்தரவு மதியத்துக்குமேல் வந்தது. வக்கீலின் உடலைப் பற்றிச் சொன்னது எதுவும் பதிவில் இருக்காது. “அவர் கேட்டதை அவருக்குக் கொடுத்துவிட்டேன்,” என்றார் நீதிபதி. “நோட்டில் இருப்பவர்கள் இங்கே வந்து கேட்க முடியாது. கேட்டாலே யாரென்று தெரிந்துவிடும். அவர்களுக்கும் அதையே கொடுக்கிறேன்.” நோட்டை ஒப்படைக்க வேண்டியதில்லை.

ஆனால் தேதிக்கு வேறு ஆதாரம் இல்லாததால், வழக்கு முடியும்வரை தடை தொடரும். அந்தப் படம், அதன் நகல், அதில் உள்ள அளவுகள் எதையும் வெளியிடக் கூடாது. வழக்கு எப்போது முடியும் என்று கேட்டதற்கு இருமல் வக்கீல் தன் வயதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்.

“பாதி ஜெயிச்சிருக்கோம்மா.”

“எந்தப் பாதி சார்?”

“நோட்டுப் பாதி.”

“அப்ப ஜெயிச்சாச்சு. மிச்சத்தை நான் தைச்சுக்கிறேன்.”

பஸ்ஸில் வரும்போது மட்டும் அக்கா வாட்டமாக இருந்தார். “அந்த சூப்பர்வைசர் பண்ணதைத்தான் இன்னிக்கு நானும் பண்ணேன், இல்ல?” என்றார், என்னைப் பார்க்காமலே.  “ஒருதரம்தான். இனிப் பண்ண மாட்டேன்.”

*

மிச்சத்தைத் தைப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. வெளியூர்களிலிருந்து பெண்கள் போன் செய்துகொண்டே இருந்தார்கள். அந்தப் படம் எங்கே? பக்கம் ஏன் திறக்கவில்லை? காகிதத்தில் வரைந்தாவது அனுப்புவீர்களா? அக்கா ஒவ்வொருவரிடமும், “கோர்ட்டு வேண்டாம்னிருக்கும்மா, மீற மாட்டேன். வேற வழி பண்றேன், கொஞ்சம் பொறுங்க,” என்றார். வேறு வழி என்ன என்று அவருக்குத் தெரியாது. ஆனால் பொறுங்க என்று சொன்ன ஒவ்வொரு நாளும் கடையை ஒரு மணி நேரம் முன்னதாகத் திறந்தார்.

ஒருநாள் காலை அக்கா வெட்டிக்கொண்டிருந்தார். வழக்கம்போலத் துணியோடு பேச்சு. “கழுத்துல இருந்து நாலு விரக்கடை, அங்க திரும்பு…”

மகளின் குரல் கேட்டது. “அம்மா, நீ இப்படிப் பேசிக்கிட்டே வெட்டறியே, இது படமா?”

கத்தரிக்கோல் நின்றது. பலகைக்கு இந்தப் பக்கம் என் சக்கரத்தையும் நிறுத்தினேன்.

“படம் இல்லையே,” என்றார் அக்கா மெதுவாக. “இது பேச்சு.”

அன்று மதியமே இருமல் வக்கீலைக் கேட்டார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து யோசித்தார். “படம் கூடாது, நகல் கூடாது, அளவு கூடாது. பேசறதுல அளவு வருமே அம்மா?”

“என் அளவு வராது சார். அங்குலம்னா அது ஒருத்தி உடம்பு. விரல்னா அவங்கவங்க உடம்பு. நான் யாரோட நம்பரையும் சொல்லப்போறதில்ல.”

அவர் வாயைத் திறந்தார். இருமல் வரவில்லை. “சொல்லுங்கம்மா,” என்றார். “கம்பெனிக்காரங்க விடமாட்டாங்க. வரட்டும்.”

மூன்று நாள் பதிவு செய்தார்கள். முதல் நாள் முழுக்கத் திருத்தம். இரண்டாம் நாள் தெருவில் குழாய்க்குப் பள்ளம் தோண்டினார்கள். மூன்றாம் நாள் அக்கா பலகையைத் தட்டினார். “அந்தப் பக்கம் இருக்கிறவரே, சக்கரத்தை நிறுத்தும். வந்த ஆளையும் வாயை மூடிக்கிட்டு உட்காரச் சொல்லும்.” நிறுத்தினேன். கண் பரிசோதிக்க வந்தவரும் நானும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டோம்.

“உங்க கையை எடுத்துக்குங்க. என் கை வேண்டாம், உங்க கை. கண்ணாடி முன்னால நிக்கணும்னு இல்ல. விளக்கு அணைச்சிருந்தாலும் பரவால்ல. தோளும் கழுத்தும் சேர்ற இடத்துல கட்டைவிரலை வைங்க. கீழ ஒரு சாண் இறங்குங்க. வடு எங்க ஆரம்பிக்குதோ அங்க நில்லுங்க. அவசரம் இல்ல. நான் இங்கதான் இருக்கேன். அதுக்கு மேல ரெண்டு விரக்கடை விட்டுத் துணியை உள்பக்கம் மடிங்க. அந்த மடிப்பு ஒரு பை. அதுல பஞ்சு வைக்கிறதும் வைக்காததும் உங்க இஷ்டம். கைக்கு ஒரு விரக்கடை கூட விடுங்க, எந்தப் பக்கம் ஆபரேஷனோ அந்தப் பக்கம். சாயங்காலம் கை வீங்கும். அதுக்கு இடம் வேணும்…”

இருபத்தோரு நிமிஷம். முடிந்தபோது கண் பரிசோதிக்க வந்தவர் எழுத்துப் பலகையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதிய பக்கத்தில் அதைப் போட்டார்கள். ஒரு மாதத்தில் கம்பெனி நீதிமன்றம் போனது. குரலில் சொன்னாலும் திருட்டு திருட்டுதான், தடையை மீறிவிட்டார், பக்கத்தை மூட வேண்டும் என்று மனு. மீண்டும் அதே அறை, அதே நீதிபதி, அதே கோட்டு. இந்தத் தடவையும் அக்கா மாற்றுத் துணிப் பையோடு போனார்.

“முதல்ல கேட்டுப் பார்ப்போம்,” என்றார் நீதிபதி.

ஒரு சின்ன ஸ்பீக்கரில் ஓடவிட்டார்கள். தோளும் கழுத்தும் சேரும் இடம் வந்தபோது, தட்டச்சு செய்கிற அம்மாவின் கட்டைவிரல் தானாக எழும்பித் தோளில் போய் உட்கார்ந்தது. வாசலில் நின்ற பெண் காவலரும் அப்படியே. நீதிபதியின் கை மேஜைக்குக் கீழே இருந்தது, அது என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. இருபத்தோரு நிமிஷமும் ஓடியது. நடுவில் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

“இதில் உங்கள் படத்தில் உள்ள அளவு ஏதாவது வந்ததா?” என்று கம்பெனி வக்கீலைக் கேட்டார்.

“அளவு என்று… நேரடியாக இல்லை. ஆனால் கேட்பவர்கள் இதை வைத்து அந்தச் சட்டையைத் தைத்துவிட முடியும்.”

“அவரவர் சட்டையைத் தைத்துக்கொள்ள முடியும்,” என்றார் நீதிபதி.

மனு தள்ளுபடி. ஒருவர் தன் விரலால் தன் தோளை அளந்துகொள்ள யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை, எப்படி அளப்பது என்று இன்னொருவருக்கு எடுத்துச் சொல்லவும் வேண்டியதில்லை, அதை நிறுத்தினால் பேசுபவரின் வாயை அடைப்பதாகும் என்று உத்தரவில் எழுதியிருந்தது. இருமல் வக்கீல் அதை நகல் எடுத்து என் கடைக்கு வந்து, புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு இருமல்கூட இல்லாமல் உரக்கப் படித்தார். பலகைக்கு அந்தப் பக்கம் கேட்க வேண்டும் என்பதற்காக.

மூல வழக்கு இன்னும் நடக்கிறது. அடுத்த வாய்தா நாலு மாதம் தள்ளி. அந்தப் படம் யாருடையது என்று இன்னும் முடிவாகவில்லை. அக்கா வாய்தாவுக்குத் தவறாமல் போய் வருகிறார். “இழுக்கட்டும். எனக்கென்ன, நூல் இருக்கு,” என்கிறார். இப்போது சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கான கால்சட்டையைப் பேசிக்கொண்டிருக்கிறார். உட்கார்ந்த உடம்புக்கு முன்பக்கம் குறைய வேண்டும், பின்பக்கம் கூட வேண்டும். எத்தனை விரற்கடை என்பது இன்னும் பிடிபடவில்லையாம். பலகை வழியாகத் தினமும் திட்டு கேட்கிறது, துணிக்கு.

அளவு நோட்டு பழைய இழுப்பறையிலேயே இருக்கிறது, இரண்டு பூட்டோடு. தைத்து மூடிய பையை அவர் பிரிக்கவில்லை. புதிதாக வருகிறவர்களுக்குப் புது நோட்டு ஒன்று தொடங்கிவிட்டார். அதில் தாளின் ஒரு பக்கம்தான் எழுதுகிறார். பின்பக்கம் வெறுமையாக விடுகிறார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது யாரோ படியேறி வந்தார்கள். என் கடையை எட்டிப் பார்த்து, இது இல்லை என்று தெரிந்து, தயங்கி, பக்கத்துக் கதவைத் தட்டினார்கள். திரை இழுபடும் சத்தம். ஒரு நாற்காலி நகர்ந்தது. பிறகு மிஷின் ஓடத் தொடங்கியது, துணியில்லாமல்.

பேனாவை வைத்துவிட்டு எழுந்து, நானும் என் சக்கரத்தை ஓடவிட்டேன், கண்ணாடி எதுவும் வைக்காமல்.